டாக்டருக்கும் ஒரு பரீட்சை!

பிளஸ்-2 பரீட்சை முடிந்தது. நீட் பரீட்சை முடிந்தது. மருத்துவக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. நாலரை ஆண்டு படிப்பு. ஒரு ஆண்டு ஆஸ்பத்திரியில் பயிற்சி. பெயருக்கு முன்னால் "டாக்டர்" என்று போட்டுக்கொள்ளலாம்.

அப்பாடா! இனிமேல் பரீட்சை கிடையாது என்றுதானே நினைப்பீர்கள்?

இல்லை. பெரிய பரீட்சை இனிமேல்தான் வருகிறது!

மயிலாப்பூரிலும், தியாகராய நகரிலும், அடையாறிலும் எத்தனையோ வீடுகளில் இன்று இந்தப் பேச்சுதான். கோவில் வாசலில் இரண்டு தாய்மார்கள் சந்திக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"உங்க பொண்ணு டாக்டருக்குப் படிச்சு முடிச்சுட்டாளாமே, மாமி?"

"முடிச்சுட்டா. ஆனா, இன்னும் படிச்சுண்டுதான் இருக்கா. மேல்படிப்புக்குப் பரீட்சை வரதே!"

"டாக்டரான அப்புறமும் பரீட்சையா?"

ஆம், டாக்டர் ஆன பிறகும் பரீட்சை. அதில் வாங்கும் மார்க், அந்தப் பெண் இருதய நோய் பார்ப்பாளா, குழந்தைகளுக்கு வைத்தியம் செய்வாளா, ஸ்கேன் படம் பார்த்துச் சொல்வாளா, கல்லூரியில் பாடம் நடத்துவாளா என்பதை ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிறது.

அவள் வாழ்க்கையை மட்டுமா முடிவு செய்கிறது? நமக்கு நாளை எந்த டாக்டர் கிடைப்பார் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. அதனால் இது டாக்டர் வீட்டுக் கதை மட்டும் அல்ல. எல்லோர் வீட்டுக் கதையும்தான்.

என்ன பரீட்சை அது?

எம்.பி.பி.எஸ். படித்தவர் எல்லா நோய்க்கும் முதல் வைத்தியம் செய்யலாம். ஆனால், ஒரு துறையில் நிபுணர் ஆகவேண்டுமானால் எம்.டி. அல்லது எம்.எஸ். படிக்கவேண்டும். அதற்கு மூன்று ஆண்டுகள். அந்த இடத்துக்கு நடக்கும் பரீட்சைதான் முதுநிலை நீட். தேசியத் தேர்வு வாரியம் இதை நடத்துகிறது.

எய்ம்ஸ், புதுச்சேரி ஜிப்மர் போன்ற சில மத்திய நிறுவனங்களுக்கு மட்டும் தனிப் பரீட்சை. மற்ற எல்லாக் கல்லூரிகளுக்கும் இந்த ஒரே பரீட்சைதான்.

கேள்விகள் 200. மொத்த மார்க் 800. நேரம் மூன்றரை மணி. எம்.பி.பி.எஸ். படிப்பில் உள்ள 19 பாடங்களிலிருந்தும் கேள்வி வரும்.

ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை கொடுத்திருப்பார்கள். சரியானதைத் தேர்ந்தெடுத்தால் 4 மார்க். தவறானதைத் தேர்ந்தெடுத்தால் கையில் இருக்கும் மார்க்கில் 1 போய்விடும். தெரியவில்லை என்று விட்டுவிட்டால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

ஒருவர் 150 கேள்விக்குச் சரியாகவும் 50 கேள்விக்குத் தவறாகவும் விடை எழுதினால் அவருக்கு என்ன கிடைக்கும்? 600 மார்க் வரும். அதில் 50 கழியும். மிச்சம் 550.

2024-ஆம் ஆண்டிலிருந்து இன்னொரு கெடுபிடியும் சேர்ந்தது. 200 கேள்விகளையும் ஐந்து பகுதியாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு பகுதிக்கு 40 கேள்வி, 42 நிமிஷம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 63 விநாடி! நேரம் முடிந்ததும் அந்தப் பகுதி மூடிக்கொள்ளும். திரும்பிப் போய்த் திருத்த முடியாது.

இந்த 63 விநாடிக்காகத்தான் பிள்ளைகள் ஒரு ஆண்டு, இரண்டு ஆண்டு என்று உழைக்கிறார்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளை அங்கே பார்க்கலாம். காலையில் சோற்று டப்பாவுடன் போனால் இரவில்தான் வீடு.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம்

இந்தப் பரீட்சையில் மார்க்கைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அதுதான் ரேங்க், அதாவது வரிசையில் எத்தனையாவது இடம் என்பது.

தி.நகர் பஸ் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கு ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. முதலில் ஏறுகிறவர் ஜன்னல் ஓரம் உட்காருகிறார். அடுத்தவர் அவருக்குப் பிடித்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறார். கடைசியில் ஏறுகிறவருக்கு நிற்கத்தான் இடம். சில சமயம் அதுவும் இல்லை. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கவேண்டும்.

மேல்படிப்பிலும் இதே கதைதான். 2024-ல் இந்தப் பரீட்சையை எழுதியவர்கள் 2 லட்சத்துக்கும் அதிகம். இடங்களோ அதைவிட மிகவும் குறைவு. வரிசையில் முன்னால் இருப்பவர் முதலில் எடுத்துக்கொள்வார். மிச்சம் இருப்பதில்தான் அடுத்தவருக்கு. அடுத்த பஸ் என்பது அடுத்த ஆண்டுப் பரீட்சை!

இத்தனை பேர் எழுதும் பரீட்சையில் ஒரே மார்க்கில் பலர் நிற்பார்கள். ஒரு கேள்வி தவறினால் 4 மார்க் வராமல் போவதோடு, 1 மார்க் கையிலிருந்தும் போகிறது. 5 மார்க் இறங்கினால், இடையில் உள்ளவர்கள் எல்லோரும் முந்திவிடுவார்கள்.

அரசுக் கல்லூரிகளில் உள்ள மேல்படிப்பு இடங்களில் பாதி, இந்தியா முழுவதற்கும் பொது. மற்றப் பாதியை அந்த அந்த மாநிலம் நிரப்புகிறது. தமிழ்நாட்டின் பாதியில் 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. ஆகவே ஒரே மார்க் வாங்கியவர் இரண்டு வரிசையில் நிற்கிறார். டெல்லி வரிசையில் ஒரு இடம், சென்னை வரிசையில் வேறு ஒரு இடம்.

முதலில் தீர்ந்து போவது எது?

வரிசையில் முன்னால் நிற்பவர்கள் எதை எடுக்கிறார்கள்?

எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்து நோய் சொல்லும் ரேடியாலஜி, தோல் வைத்தியம், பொது மருத்துவம் ஆகியவை முதலில் தீர்ந்துவிடும். குழந்தை வைத்தியம், பிரசவ வைத்தியம், எலும்பு வைத்தியம் போன்றவற்றுக்கும் போட்டி உண்டு.

பொது மருத்துவம் படித்தவர், மேலும் மூன்று ஆண்டு படித்து இருதய நிபுணர் ஆகலாம். மூளை நரம்பு நிபுணர் ஆகலாம். அதற்கும் ஒரு நீட் பரீட்சை இருக்கிறது என்பது வேறு விஷயம்!

ரேடியாலஜிக்கும் தோல் வைத்தியத்துக்கும் ஏன் இவ்வளவு கிராக்கி? நடு இரவில் கதவைத் தட்டி எழுப்புவது குறைவு. உயிர் போகும் ஆபத்து குறைவு. உறவினர்கள் ஆத்திரப்பட்டு டாக்டர்மேல் கைநீட்டும் சம்பவங்களும் அங்கே குறைவு. வருமானமோ அதிகம். படித்துக் களைத்துப்போன ஒரு பிள்ளை நிம்மதியான வாழ்க்கையை விரும்புவதில் குற்றம் சொல்ல முடியுமா?

கடைசியில் மிஞ்சுவது எது? உடற்கூறு சொல்லித் தரும் அனாடமி, உடல் இயங்கும் விதத்தைச் சொல்லும் பிஸியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மருந்தியல், நுண்கிருமித் துறை, சமூக மருத்துவம் ஆகியவை. இவற்றில் பல துறைகளில் நோயாளியைத் தொட்டு வைத்தியம் செய்யும் வேலை கிடையாது. தனியாக ஒரு கிளினிக் வைத்துப் பணம் சம்பாதிக்கவும் முடியாது.

கல்யாணச் சந்தையிலும் இந்த வித்தியாசம் தெரியும். "மாப்பிள்ளை டாக்டர்" என்று சொன்னால் இன்று போதாது. "என்ன டாக்டர்?" என்று அடுத்த கேள்வி வரும்!

பூஜ்யம் வாங்கினாலும் போதும்!

ஒருபுறம் இடம் கிடைக்காமல் பிள்ளைகள் கண்ணீர் விடுகிறார்கள். மறுபுறம் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. வேடிக்கையாக இல்லை?

2021-ஆம் ஆண்டுப் பரீட்சைக்குப் பிறகு, நாடு முழுவதும் 1,456 இடங்கள் காலியாகவே நின்றுவிட்டன. "இன்னும் ஒரு சுற்று நடத்தி நிரப்புங்கள்" என்று சில டாக்டர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2022 ஜூனில் கோர்ட் மறுத்துவிட்டது. படிப்பின் தரம் கெடக் கூடாது என்பது கோர்ட்டின் கருத்து.

அடுத்த ஆண்டு நடந்தது இதற்கு நேர்மாறு.

இந்தப் பரீட்சையில் தகுதி பெற ஒரு எல்லைக் கோடு உண்டு. எழுதியவர்களில் 100 பேரை மார்க் வரிசையில் நிறுத்தினால், பொதுப் பிரிவினர் ஒருவருக்குப் பின்னால் 50 பேராவது நிற்கவேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குப் பின்னால் 40 பேர் நின்றால் போதும். இதைத்தான் "பெர்சன்டைல்" என்கிறார்கள்.

2023 செப்டம்பரில் மத்திய அரசு இந்தக் கோட்டைப் பூஜ்யம் ஆக்கியது! பின்னால் ஒருவர்கூட நிற்கவேண்டாம். பரீட்சை எழுதியிருந்தால் போதும். மைனஸ் மார்க் வாங்கியவரும் கலந்தாய்வுக்கு வரலாம்!

நாடு முழுவதும் வாதம் கிளம்பியது. "இடம் வீணாகப் போவதைவிட யாராவது படிக்கட்டுமே. அவர்களும் எம்.பி.பி.எஸ். தேறிய டாக்டர்கள்தானே?" என்றது ஒரு கட்சி. "தகுதியே வேண்டாம் என்றால் பரீட்சை எதற்கு? குறைந்த மார்க் வாங்கிய பணக்காரப் பிள்ளை தனியார் கல்லூரியில் லட்சம் லட்சமாகக் கட்டிச் சேர்ந்துவிடுவான். அதைவிட நல்ல மார்க் வாங்கிய ஏழைப் பிள்ளை வெளியே நிற்பான்" என்றது இன்னொரு கட்சி.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், ஒன்று மட்டும் வெளிச்சமாகிவிட்டது. இந்தப் பரீட்சையின் மார்க், ஒருவர் நல்ல டாக்டரா இல்லையா என்று சொல்லும் அளவுகோல் அல்ல. குறைவான இடங்களை நிறையப் பேருக்குப் பங்கு போடும் ஒரு வழி. அவ்வளவுதான்.

மார்க் இல்லாமல் வேறு வழி உண்டா?

"நேரில் கூப்பிட்டுப் பேசிப் பார்த்து எடுத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம்.

அமெரிக்காவில் அப்படித்தான். அங்கே ஆஸ்பத்திரிகள் இளம் டாக்டர்களை நேரில் அழைத்துப் பேசுகின்றன. பிறகு டாக்டர்கள் தங்களுக்குப் பிடித்த ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்துகிறார்கள். ஆஸ்பத்திரிகளும் தங்களுக்குப் பிடித்த டாக்டர்களை வரிசைப்படுத்துகின்றன. இரண்டு பட்டியலையும் பொருத்திப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். ஏறக்குறைய ஜாதகப் பொருத்தம் மாதிரி! 1952-லிருந்து இந்த முறை நடக்கிறது.

அங்கேயும் மார்க் பைத்தியம் விடவில்லை. மாணவர்கள் முதல் கட்டப் பரீட்சையின் மார்க்குக்காகவே உயிரை விட்டார்கள். அதனால் 2022 ஜனவரியில் அந்தப் பரீட்சைக்கு மார்க் போடுவதையே நிறுத்தினார்கள். "பாஸ்" அல்லது "பெயில்", இரண்டே முடிவு. நடந்தது என்ன? எல்லோருடைய கவலையும் அடுத்த கட்டப் பரீட்சைக்குத் தாவிவிட்டது. அதற்கு இன்னும் மார்க் உண்டே!

நேர்முகப் பேட்டியின் கதை நம் சென்னைக்கும் புதிதல்ல. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். இடத்துக்குப் பேட்டி நடந்தது. மொத்தம் 275 மார்க்கில் 75 மார்க் பேட்டிக்கு. சில நிமிஷப் பேச்சுக்கு 75 மார்க்! 1970-ல் பெரியகருப்பன் வழக்கில் சுப்ரீம் கோர்ட், இது அளவுக்கு மீறியதாகவே தோன்றுகிறது என்று சொன்னது.

பேட்டி என்றால் சிபாரிசு வரும். மாமா வருவார், மச்சான் வருவார். மார்க்குக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று அது கேட்காது. குறை எத்தனை இருந்தாலும், மக்கள் பரீட்சையை இன்னும் நம்புவதற்கு இதுதான் காரணம்.

அந்த நம்பிக்கையும் ஆடிப்போன நாள் உண்டு. 2024 ஜூன் 23-ந் தேதி பரீட்சை. முதல் நாள் இரவு "பரீட்சை தள்ளிவைப்பு" என்று அறிவித்தார்கள். வெளியூருக்குப் பயணம் செய்து போய்ச் சேர்ந்திருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். ஆகஸ்டு 11-ந் தேதி, காலை ஒரு கேள்வித்தாள், மாலை ஒரு கேள்வித்தாள் என்று இரண்டு வேளையாக நடந்தது. "காலைக் கேள்வி கஷ்டம், மாலைக் கேள்வி சுலபம்" என்றால் எப்படி ஒப்பிடுவது? 2025-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது: எல்லோருக்கும் ஒரே வேளை, ஒரே பரீட்சை. அதன்படி 2025 ஆகஸ்டு 3-ந் தேதி நடந்தது.

கிராமத்து டாக்டருக்கு ஒரு வழி

இந்தப் பரீட்சையில் இன்னொரு சிக்கல்.

மலையடிவாரக் கிராமத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பகலில் நோயாளிகள். இரவில் பிரசவம், பாம்புக்கடி. அவர் எப்போது படிப்பார்? வேலைக்கே போகாமல் நகரத்தில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளையோடு அவர் போட்டிபோட முடியுமா?

தமிழ்நாடு இதற்குப் பல காலமாக ஒரு வழி வைத்திருந்தது. அரசு வேலையில் இருக்கும் டாக்டர்களுக்கு மேல்படிப்பில் தனியாகப் பாதி இடம் ஒதுக்கியது. "படித்து முடித்ததும் அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்பி வா" என்று எழுதி வாங்கிக்கொண்டது. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் நிபுணர்கள் கிடைத்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

நாடு முழுவதற்கும் ஒரே முறை என்று வந்தபோது இந்த வழி அடைபட்டது. அதற்குப் பதிலாக வேறு ஒரு சலுகை கிடைத்தது. எளிதில் போக முடியாத ஊர்களில் வேலை பார்த்தால் ஆண்டுக்கு 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் மார்க் கூட்டலாம் என்று விதி இருந்தது. பரீட்சையில் 400 மார்க் வாங்கியவர் அப்படி மூன்று ஆண்டு வேலை பார்த்திருந்தால் 120 மார்க் கூடும். மொத்தம் 520!

இது போதாது என்று தமிழ்நாடு மருத்துவ அதிகாரிகள் சங்கம் வழக்குப் போட்டது. 2020 ஆகஸ்டு 31-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். அரசு டாக்டர்களுக்குத் தனி ஒதுக்கீடு கொடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: இப்படிப் படிப்பவர்கள், படித்து முடித்ததும் கிராமத்திலும் மலைப் பகுதியிலும் ஐந்து ஆண்டு வேலை பார்க்க வகை செய்யவேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில், இருதயம், மூளை போன்ற உயர் சிறப்புப் படிப்புகளிலும் அரசுக் கல்லூரி இடங்களில் பாதியை அரசு டாக்டர்களுக்கு ஒதுக்கித் தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது. அதற்கும் வழக்கு. 2022 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அந்த ஒதுக்கீட்டை அனுமதித்தது.

இதன் அர்த்தம் என்ன? வியர்வைக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டது. தாலுகா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரும் குழந்தைக்கு ஒரு குழந்தை வைத்தியர் கிடைப்பது, டெல்லியில் எழுதும் ஒரு விதியைப் பொறுத்திருக்கிறது!

யாரும் எடுக்காத துறையில் ஒரு வைரம்

கடைசியில் மிஞ்சும் துறைகளைப் பற்றிச் சொன்னோம். அவற்றில் ஒன்று மைக்ரோபயாலஜி என்னும் நுண்கிருமித் துறை. அந்தத் துறையில்தான் சென்னையில் ஒரு பெரிய காரியம் நடந்தது.

1986-ஆம் ஆண்டு. எய்ட்ஸ் நோய் அமெரிக்காவில் பரவிக்கொண்டிருந்தது. "அது நம் நாட்டுக்கு வராது" என்று பலரும் நினைத்திருந்தார்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் நுண்கிருமித் துறைப் பேராசிரியை. அவரிடம் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர் செல்லப்பன் நிர்மலா. "இங்கே அந்தக் கிருமி இருக்கிறதா என்று தேடிப் பாரேன்" என்றார் பேராசிரியை. நிர்மலா தயங்கினார். பிறகு துணிந்தார். பாலியல் தொழிலில் சிக்கியிருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் சோதனை நடந்தது.

கிருமி இருந்தது! இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான். ஒரு மாணவியின் பரீட்சைக் கட்டுரைக்காகச் செய்த வேலை, ஒரு நாட்டையே உஷார்ப்படுத்தியது.

சுனிதி சாலமன் அத்துடன் நிற்கவில்லை. 1993-ல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கினார். அது பல ஆண்டுகள் தி.நகரில் இயங்கியது. பிறகு அடையாறை அடுத்த தரமணியில், வி.எச்.எஸ். ஆஸ்பத்திரி வளாகத்திலும் இயங்கியது. மற்றவர்கள் தொடப் பயந்த நோயாளிகளை அவர் கைகொடுத்து வரவேற்றார். 2015-ல் காலமானார். 2017-ல் அவருக்குப் "பத்மஸ்ரீ" விருது அறிவிக்கப்பட்டது.

அனாடமியும் அப்படித்தான். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அங்கே முதல் ஆண்டு மாணவனுக்கு எலும்பையும் நரம்பையும் காட்டிப் பாடம் சொல்ல அனாடமி டாக்டர் வேண்டாமா? அவர் இல்லாவிட்டால் நாளைய அறுவை வைத்தியர் எங்கிருந்து வருவார்?

மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு

மார்க் இருந்தும் சுலபமான வழியை எடுக்காதவர் ஒருவர் உண்டு. அவர் டாக்டர் சாந்தா.

1927-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். பெண்கள் நோய், பிரசவம் ஆகியவற்றில் எம்.டி. பட்டம் பெற்றார். அரசுத் தேர்வாணையப் பரீட்சையிலும் தேறினார். பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. இதைவிட என்ன வேண்டும்?

அந்தச் சமயத்தில் அடையாறில் ஒரு புதிய ஆஸ்பத்திரி தோன்றியிருந்தது. அதை உண்டாக்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-லேயே டாக்டர் பட்டம் பெற்ற பெண்மணி. அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். அந்தத் துயரம் அவர் மனத்தில் ஆறவில்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

அன்று அங்கே இருந்தவை 12 படுக்கைகள். டாக்டர்கள் இரண்டே பேர். ஒருவர் முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. மற்றொருவர் சாந்தா!

கிடைத்த அரசு வேலையை விட்டுவிட்டு அவர் இங்கே வந்ததைப் பலர் விரும்பவில்லை. முதல் மூன்று ஆண்டு சம்பளம் இல்லை. பிறகு மாதம் 200 ரூபாய். அன்று புற்றுநோய் வைத்தியத்துக்கு என்று இந்தியாவில் தனிப் பட்டப் படிப்பே கிடையாது. படிப்பு இல்லாத துறையில் பரீட்சை ஏது? ரேங்க் ஏது?

இன்று அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை அறியாதவர் இல்லை. 1984-ல் அங்கேயே புற்றுநோய்க்கான உயர் சிறப்புப் படிப்புகள் தொடங்கப்பட்டன. 2005-ல் சாந்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2016-ல் "பத்மவிபூஷண்" கிடைத்தது. 2021 ஜனவரியில் 93-வது வயதில் மறைந்தார். கடைசிவரை அந்த ஆஸ்பத்திரிதான் அவருக்கு வீடு.

பெற்றோர்களே, கேளுங்கள்!

வீட்டில் இந்தப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

எம்.டி., எம்.எஸ். மட்டும்தான் வழி என்று நினைக்கவேண்டாம். இதே பரீட்சையின் மார்க்கைக் கொண்டு டி.என்.பி. என்ற நிபுணர் படிப்பிலும் சேரலாம். சென்னையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் இந்தப் படிப்பு இருக்கிறது.

போன ஆண்டுக் கலந்தாய்வில் எந்தத் துறை எந்த ரேங்க் வரை கிடைத்தது என்ற விவரம் வெளியாகும். அதைப் பார்த்தால் பிள்ளைக்கு எது கிடைக்கக்கூடும் என்று ஓரளவு தெரியும். வீண் ஆசையும் வேண்டாம், வீண் பயமும் வேண்டாம்.

"நான் சீட் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இடங்களை ஒதுக்குவது கலந்தாய்வு ஒன்றுதான். தரகரிடம் கொடுத்த பணம் திரும்பி வராது.

ஒரு தடவை தவறினால் மறுபடி எழுதலாம். ஆனால், ஒரே துறையைப் பிடித்துக்கொண்டு வயதைக் கழிப்பதா, கிடைத்த துறையில் கால் ஊன்றுவதா என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். முடிவைப் பிள்ளையே எடுக்கட்டும். நோயாளியின் கையைப் பிடிக்கப்போவது அவர்கள் கைதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ரேங்க் வந்த அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். 63 விநாடிக்கு ஒரு கேள்வி என்று ஓடிக் களைத்து வந்த பிள்ளை அது. "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். "எத்தனாவது?" என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

மார்க் ஒரு கதவைத் திறக்கும். இன்னொரு கதவை மூடும். உள்ளே போனபின் என்ன செய்கிறோம் என்பதுதான் வாழ்க்கை. நெஞ்சு வலியோடு வரும் நோயாளி, "டாக்டர், உங்கள் ரேங்க் எத்தனை?" என்று கேட்பதில்லை. "டாக்டர், என்னைக் காப்பாற்றுங்கள்" என்றுதான் கேட்கிறார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவரே டாக்டர்!